இடிச்சாமியும் இடிந்த கல்லூரியும்

அவருக்கு மெதுவாகப் பேச வராது. பிறவிக் கோளாறு என்று சொல்ல முடியாது; வளர்ந்த வீடு அப்படி. அம்மா நெசவாலையில் தறி ஓட்டியவர். தறியின் சத்தம் வருஷக்கணக்கில் காதுக்குள் புகுந்து புகுந்து, கடைசியில் வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே குடியேறிவிட்டது. அதன்பின் மனிதர்கள் பேசுவதற்கு உள்ளே இடமில்லை. “அம்மா, தண்ணி” என்பதைத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சொன்னால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பார். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் அம்மாவும் அக்காவும் தம்பியான இவரும்தான். மூன்று பேரும் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே, சண்டையை விலக்கிவிடப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், குருமடத்தில் சேர்ந்து பாதிரியார் ஆகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான் தம்பி. அக்காவுக்கு வந்ததே கோபம்.

“போறதுன்னா போ. ஆனா அம்மாகிட்ட யாருடா கத்துறது? எனக்கு இருக்கிறது ஒரே தொண்டை!”

“கத்தாமலே காது கேக்குற ஒருத்தர் அங்கதான் இருக்காரு, அக்கா.”

அக்கா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். துணிமணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். தான் பள்ளியை விட்டு ஆலைக்குப் போன கதையை அன்றைக்கும் அவள் எடுக்கவில்லை. அவனுக்கு அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

குருமடத்தில் மௌனம் பெரிய தவம். இவர் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ரகசியமாகச் சோப்பு கேட்டால் மாடியிலிருந்து சோப்பு வரும். எப்படியோ தட்டுத்தடுமாறி குருப்பட்டம் வாங்கினார். முதலில் ஒரு கோயிலில் உதவிப் பங்குத்தந்தையாகப் போட்டார்கள். பிரசங்கத்துக்கு நல்ல பேர். வினை, செய்த பாவத்தைக் குருவிடம் ரகசியமாகச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தில் வந்தது. ஒரு சனிக்கிழமை, கூண்டுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டிருந்தவரிடம் இவர் வெகு அன்பாக, தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாக, “போன வாரமும் இதையேதானே சொன்னீங்க?” என்று கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை வரிசையே இல்லை. ஊரில் திடீரென்று பாவம் குறைந்துபோயிற்றா என்று பெரிய பங்குத்தந்தை விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது.

அவர் சேர்ந்திருந்த துறவற சபைக்காரர்கள் யோசித்தார்கள். இவருக்குக் கணக்கு நன்றாக வரும். குரலைக் குறைக்க முடியாவிட்டால் குரல் தேவைப்படுகிற இடத்துக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்து, மேல்படிப்பு படிக்க வைத்து, சபை நடத்திவந்த கல்லூரியில் கணக்கு வாத்தியாராகப் போட்டார்கள். தண்ணீரில் விட்ட மீன் மாதிரி ஆனார் அவர். கடைசி வரிசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கியவனுக்கும் நுண்கணிதம் காதில் ஏறியது. பக்கத்து வகுப்பில் வரலாறு படித்த பையன்கள்கூடக் கணக்கில் கொஞ்சம் தேறினார்கள். மாணவர்கள் வைத்த பேர் இடிச்சாமி. அந்தப் பேர் அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர்கள் ரகசியமாகப் பேசியது அவர் காதில் விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் நடந்ததுதான் தியேட்டர் சம்பவம். கல்லூரிக்கு எதிரே, சாலையைத் தாண்டினால், ஒரு சினிமா தியேட்டர். புதுப் படம் வந்த ஒரு காலையில் இவர் வகுப்புக்குள் நுழைந்தால், பெஞ்சுகள் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. சாக்பீஸைக் கீழே வைத்தார். நேரே சாலையைக் கடந்தார். தியேட்டரின் இருட்டுக்குள் நின்று, “மூணாம் வருஷக் கணக்கு! எந்திரி!” என்றார். மூன்றாம் வருஷத்துப் பையன்கள் எழுந்தார்கள். கணக்குக்கும் தங்களுக்கும் ஒட்டும் உறவும் இல்லாத தையற்காரரும் தபால்காரரும்கூடப் பயத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆபரேட்டர் படத்தை நிறுத்தினார். தியேட்டர் முதலாளி வாசல்வரை துரத்திவந்து, “இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன், ஃபாதர்!” என்று சபதம் போட்டார். அதன்பின் சாலையில் எதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இப்படியிருக்க, கல்லூரி முதல்வராக இருந்த முதிய பாதிரியார் உடம்புக்கு முடியாமல் விலகினார். அந்த நாற்காலிக்குத் தகுதியுள்ள இரண்டு பேர் நாசூக்காக நழுவிக்கொண்டார்கள். காரணம் ஊரறிந்தது. கட்டடம் பழசு, மாணவர் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. மூழ்கப்போகிற படகில் யார் ஏறுவார்கள்? கடைசியில் சபைத் தலைவரின் விரல் இடிச்சாமி பக்கம் திரும்பியது. செய்தியைச் சொல்லும் பொறுப்பு வேதியியல் பேராசிரியருக்கு. அவர்தான் துணை முதல்வர். ஒல்லியாக, நெட்டையாக, விறைப்பாக இருப்பார். பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் விழும். சோதனைக்கூடத்தில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விடுகிற கண்ணாடிக் குழாயின் பேரையே, பியூரெட் என்று, மாணவர்கள் அவருக்கு வைத்திருந்தார்கள்.

“உங்களைத்தான்… முதல்வராப்… போட்டிருக்காங்க” என்றார் பியூரெட்.

“என்னையா? ஏன்?”

பியூரெட் தன் குடையை விரித்து மறுபடி மடித்தார். “வேற… யாரும்… வரல.”

செய்தி கேட்டு அக்கா தன் மகளை அழைத்துக்கொண்டு வாழ்த்த வந்தாள். கல்லூரி வாசலிலேயே காவலாளி கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதுக்கு மேல பொம்பளைங்க வரக்கூடாது.” கையைக் காட்டினார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலகை: இவ்வளாகத்தினுள் பெண்களுக்கு அனுமதி இல்லை.

அக்காவும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே. கேட்டைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தாள். “டேய் ஃபாதரு! பிரின்சிபால் ஆயிட்டா அக்காவைத் தெருவில நிக்கவைப்பியா?”

எல்லா வகுப்புகளும் ஒருசேர அமைதியாயின. இடிச்சாமிக்கு ஒரு போட்டி இருக்கிறது என்பது அன்றுதான் மாணவர்களுக்குத் தெரிந்தது. அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார்.

“கத்தாத, அக்கா. பசங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும். இவளுக்குப் பௌதிகம் படிக்கணுமாம். இந்த ஊருக்கு இது ஒண்ணுதான் காலேஜ். ஊரான் வீட்டுப் பிள்ளையெல்லாம் உன்கிட்டப் படிக்கலாம், அக்கா பெத்தது படிக்கக்கூடாதா?”

“அது நான் போட்ட விதி இல்லக்கா.”

“எடுக்கவும் உன்னால முடியாதுன்னா, அப்புறம் எதுக்குடா உனக்கு அந்த நாற்காலி?”

அக்கா மகள் தலைகுனிந்து நின்றாள். “விடும்மா, மாமா என்ன பண்ணுவாரு” என்றாள். அம்மா போட்ட சத்தத்தைவிட மகள் மெல்லச் சொன்னதுதான் அவருக்கு நெஞ்சில் தைத்தது. அன்றைக்கே சபைத் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். சபைத் தலைவர் நல்லவர், ஆனால் கறாரானவர். “முதல்ல இருக்கிற பசங்களைக் காப்பாத்துங்க, ஃபாதர். அப்புறம் மத்ததைப் பேசலாம்” என்று பேச்சை வெட்டிவிட்டார். கீழ்ப்படிவேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்த மனிதர். வாயை மூடிக்கொண்டார்.

புதிய கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மழை பிடித்தது. விட்டால் போதும் என்கிற மாதிரி நாள்கணக்கில் கொட்டியது. ஒரு காலையில் கல்லூரி முழுவதும் பெரிய மண்டபத்தில் கூடியிருந்தது. மேடையில் நின்று முதல்வர் ஏதோ அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே மழை, உள்ளே பையன்களின் சலசலப்பு. அதற்கு நடுவே அவருக்கு வேறொரு சத்தம் கேட்டது. மரம் முனகுகிற சத்தம். இரைச்சலுக்குள்ளேயே வளர்ந்த காது அது. ஒரு சத்தத்துக்குள் ஒளிந்திருக்கிற இன்னொரு சத்தத்தைப் பிரித்துக் கேட்கும். அண்ணாந்து பார்த்தார். உத்தரத்தின் ஓரத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி சுண்ணாம்புத் தூள் இறங்கிக்கொண்டிருந்தது.

மேடை விளிம்புக்கு வந்தார். குரலை முழுசாக அவிழ்த்துவிட்டார்.

“எல்லாரும் வெளியே! பின்வரிசை முதல்ல! ஓடாதே, நட! தள்ளாதே! அடுத்த வரிசை! அடுத்த வரிசை!”

அந்தக் குரலை மீறி யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏன், எதற்கு என்று கேட்காமல் வரிசை வரிசையாக எழுந்து, கதவுகளின் வழியாக மழைக்குள் போனார்கள். மண்டபம் காலியானது. பியூரெட் மட்டும் மேடையில் தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். “ஒரு… நிமிஷம்…” என்று அவர் ஆரம்பித்ததை முடிக்க விட்டால் அன்றைக்கு இரண்டு பேரும் உள்ளேயே இருந்திருப்பார்கள். முதல்வர் அவரை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் பாய்ந்தார். பின்னால் கூரை இறங்கியது. அதைத் தொடர்ந்து சாலைப் பக்கத்துச் சுவர், வெகு நிதானமாக, படுத்துக்கொள்கிற மாதிரி சாய்ந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. புழுதி மெல்ல அடங்கியது. பிறகு, முதல்வரின் தோளில் தலைகீழாகத் தொங்கியபடியே பியூரெட், “தப்பிச்சோம்டா சாமி!” என்றார். வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரே மூச்சில். மழையில் நனைந்து நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

சிரிப்பு அன்றோடு சரி. பொறியாளர் வந்து பார்த்தார், நின்றுகொண்டிருக்கிற மிச்சச் சுவர்களையும் நம்ப முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. சபைத் தலைவர் வந்து இடிபாட்டைச் சுற்றி நடந்தார்.

“ஃபாதர், உயிருங்களைக் காப்பாத்திட்டீங்க. அது போதும். பசங்களைப் பக்கத்து நகரத்துக் காலேஜுகளுக்கு மாத்திடுவோம். இதை இத்தோட மூடிடலாம்.”

“பாதிப் பேரு பக்கத்து நகரத்துக்குப் போக மாட்டான், ஃபாதர். ஆலையில பாதி நாள் வேலை பாத்துட்டு மீதி நாள் இங்க படிக்கிறவன் அவன். படிப்பையே விட்டுடுவான். இந்த ஒரு வருஷத்தைக் குடுங்க.”

“எங்க வெச்சு நடத்துவீங்க?”

“ஊர்ல.”

“ஊர்லன்னா எங்க?”

“இத்தனை பெரிய ஊர்ல இடமா இல்ல?” என்றார் முதல்வர். எந்த இடம் என்று அவருக்கு அப்போது கடுகளவும் தெரியாது.

சபைத் தலைவர் அவர் முகத்தையே பார்த்தார். “சரி. பரீட்சைவரைக்கும். ஆனா ஒரு வகுப்பு ஒரு நாள் நின்னுதுன்னு காதில விழுந்தாலும், அன்னிக்கே மூடிடுவேன்.”

முதல்வர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பேருந்துப் பணிமனை மேலாளர் தன் பழைய பட்டறைக் கூடத்தைத் தந்தார். பௌதிகத்துக்கு அது தோது. ஐஸ் ஃபாக்டரிக்காரர் ஒரு கிடங்கைத் திறந்துவிட்டார், வேதியியலுக்கு ஆயிற்று. ஆனால் கணக்குக்கும் மொழிப் பாடத்துக்கும் கூட்டம் அதிகம். அத்தனை பேரையும் ஒன்றாக உட்காரவைக்கிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் வாசலில் நின்று ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு உள்ளே போனார்.

தியேட்டர் முதலாளி தலையைத் தூக்கவில்லை. “மேட்னி மத்தியானம்தான்.”

“படம் பாக்க வரல, முதலாளி.”

“தெரியும். நீங்க படம் பாக்க வர்றவரு இல்ல, படத்தை நிறுத்த வர்றவரு.”

“அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான். மன்னிச்சிடுங்க.”

முதலாளி இப்போது நிமிர்ந்தார். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் எதிர்பார்க்கவில்லை. முதல்வர் விஷயத்தைச் சொன்னார். காலை நேரம் முழுக்கத் தியேட்டர் வேண்டும். மத்தியானப் படத்துக்கு முன்னால் பெருக்கித் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

“தர்றேன். ஒரு நிபந்தனை.”

“சொல்லுங்க.”

முதலாளி டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் கண்ணைக் காட்டினார். உள்ளே அவருடைய மருமகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் சில்லறையைத் தள்ளிக்கொண்டே, மறுகையால் மடியிலிருந்த புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்துக்கு முன்னால அவ அப்பாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன், ஃபாதர். பொண்ணைக் காலேஜுல படிக்க வைக்கிறேன்னு. தினமும் பாக்குற உங்க கேட்டுப் பலகையை அப்புறம்தான் படிச்சேன். சம்பந்தி வீட்டுக்கு வர்றப்பல்லாம் எனக்குச் சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது. என் மருமகளுக்கு இடம் குடுங்க. தியேட்டரை எடுத்துக்குங்க.”

முதல்வர் கவுன்ட்டருக்குப் போனார். “என்னம்மா படிக்கிற?”

“கணக்கு, ஃபாதர். இந்த ஒண்ணு மட்டும் மடங்க மாட்டேங்குது.” புத்தகத்தைக் கம்பிக்கு இடையே நீட்டினாள். மடங்காமல் நின்றது எளிய கணக்கு அல்ல; அவருடைய மூன்றாம் வருஷத்துப் பையன்களே தலையைச் சொறிகிற கணக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில வகுப்புக்கு வா. வெகுதூரம் வர வேண்டியதில்லை” என்றார்.

பியூரெட் கேட்டுவிட்டு ஆடிப்போனார். “விதி… இருக்கே… ஃபாதர்!”

முதல்வர் அவரைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கு அழைத்துப்போனார். “போர்டைப் படிங்க.”

“இவ்… வளாகத்தினுள்…”

“அங்கேயே நிறுத்துங்க. நாம இப்ப எந்த வளாகத்துக்குள்ள இருக்கோம்?”

பியூரெட் பூட்டிய கேட்டைப் பார்த்தார். தன் காலுக்குக் கீழே பார்த்தார். “தெருவில.”

“தெருவில பொம்பளைங்க நடக்கலாமா, கூடாதா?”

சொட்டுச் சொட்டாக ஒரு புன்னகை பியூரெட்டின் முகத்தில் இறங்கியது. அன்றிலிருந்து அவர்தான் அந்தக் கட்சிக்குத் தளபதி. பெண்கள் சேரலாம் என்ற பேச்சு ஊருக்குள் ஒரு பகலில் பரவியது. மருத்துவமனைத் தாதி ஒருத்தி வந்தாள். தையற்காரரின் தங்கை வந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஒருத்தி வந்தாள். கடைசியாக, கண்ணில் நம்பிக்கையே இல்லாமல், அக்காவின் மகளும் வந்து வரிசையில் நின்றாள். முதல்வர் அந்தப் பக்கமே போகவில்லை. “சேர்க்கை முழுக்க உங்க பொறுப்பு. எனக்கு வேண்டியவங்கன்னு யாரையும் பாக்காதீங்க” என்று பியூரெட்டிடம் சொல்லிவிட்டார். பியூரெட் அந்தப் பெண்ணை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கேள்வி கேட்டுத்தான் பௌதிகத்தில் சேர்த்தார்.

அந்த வருஷம் மாதிரி ஒரு வருஷத்தை ஊர் பார்த்ததில்லை. காலையில் தியேட்டர் திரைக்கு முன்னால் கரும்பலகை நிற்கும். தரையில் படிப்பாளிகள், பால்கனியில் மற்றவர்கள். மைக் இல்லை, அவருக்கு மைக் எதற்கு? அடுத்த மணிக்குப் பாதிக் கூட்டம் பணிமனைக்கு நடக்கும். பேருந்துக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி நின்று நெம்புகோல் பாடம். ஐஸ் ஃபாக்டரியில் பியூரெட் கோட்டுக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு பரிசோதனை நடத்துவார். “பேசவே வேணாம், சார், உங்க வாயிலிருந்து வர்ற புகையிலயே பாடம் புரியுது” என்று ஒருவன் சொல்ல, அவரே சிரித்துவிட்டார். புத்தகத்தோடு சாலையைக் கடக்கிற கூட்டத்துக்காகப் பேருந்துகள் தானாக நிற்கப் பழகின. நடத்துநர்கள் படியில் தொங்கியபடி, “கணக்கெல்லாம் இறங்கு! பௌதிகம் உள்ள போ!” என்று கூவுவார்கள். முதல்வர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்து நடந்தே ஆள் பாதியாகிவிட்டார். சோர்ந்து திண்டாடிய நாளும் உண்டு. பணிமனையில் தண்ணீர் புகுந்தபோது, நிறுத்தியிருந்த பேருந்துகளுக்குள்ளேயே உட்காரவைத்து வகுப்பை நடத்தினார்கள். ஒரு வகுப்பும் நிற்கவில்லை.

ஆனால் வேறொரு சேதி சபைத் தலைவர் காதுக்குப் போயிற்று. பெண்கள் படிக்கிறார்களாம். அவர் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்தார். ஒரு காலையில் தியேட்டருக்குள் நுழைந்து, யார் கண்ணிலும் படாமல் பால்கனி ஏறி, பையன்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கீழே இடிச்சாமி வடிவியல் நடத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று.

ஜன்னல் இல்லாத தியேட்டர். கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாத இருட்டு. விசில் பறக்கும், நாற்காலி உருளும், ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள் என்று சபைத் தலைவர் எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“கண்ணு தெரியலைன்னா கோடு அழிஞ்சிடுமா?” என்றது இடிக்குரல். “வட்டம் மனசுல இருக்குல்ல? வெளியே ஒரு புள்ளி வை. அங்கேயிருந்து ரெண்டு தொடுகோடு. சொல்லு, ரெண்டும் ஏன் சமம்?”

ஒருவன் இருட்டில் ஆரம்பித்தான், பாதியில் மாட்டிக்கொண்டான். இன்னொருவன் தூக்கிவிட்டான். பிறகு ஒரு பெண்குரல் எழுந்தது. நிதானமாக, படிப்படியாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போகிற மாதிரி அந்த நிரூபணத்தைச் சொல்லி முடித்தது. முடித்துவிட்டு, “இதை இன்னொரு விதமாவும் சொல்லலாம், ஃபாதர்” என்று வேறொரு வழியையும் சொன்னது. இருட்டே கைதட்டியது. பால்கனியில் சபைத் தலைவரின் கைகளும் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன.

விளக்கு வந்தது. முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன.

வகுப்பு முடிந்ததும் பால்கனிப் படியில் சபைத் தலைவர் காத்திருந்தார். “விதி என்ன ஆச்சு, ஃபாதர்?”

முதல்வர் வளாகக் கதையைச் சொன்னார். சபைத் தலைவரின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினார். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. நீங்க வேணாம்னு சொன்னதை நான் செய்யக்கூடாது. வார்த்தைப்பாடு குடுத்திருக்கேன். அதான் கேக்கல.”

இந்தக் குறும்புக்குச் சபைத் தலைவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். ஆனால் இறங்கும்போது கறார்த்தனம் திரும்பிவிட்டது. “பரீட்சை முடிவு வரட்டும். அது பேசட்டும்.”

பரீட்சை முடிவு பேசியது. சாதாரணமாகப் பேசவில்லை, இடிச்சாமி மாதிரியே பேசியது. கட்டடம் இருந்த காலத்தில் ஒரு வருஷமும் இத்தனை பேர் தேறியதில்லை. பல்கலைக்கழகம் முழுவதிலும் கணக்கில் முதலிடம் தியேட்டர் முதலாளியின் மருமகளுக்கு. தையற்காரரின் தங்கை மொழிப் பாடத்தில் பரிசு வாங்கினாள். அக்காவின் மகள் ஒரு தாளில் கோட்டைவிட்டு, மறுபடி எழுதித் தேறினாள். வீட்டில் அதையும் கொண்டாடினார்கள். தியேட்டர் வாசலில் படத்தின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மருமகளின் பேரைப் பெரிய எழுத்தில் மாட்டினார் முதலாளி. சம்பந்தி வந்து இறங்கியபோது மார்பை நிமிர்த்திக்கொண்டு எதிரே போனார். அன்றைக்கு ஊருக்கெல்லாம் இலவசப் படம். முதல்வரும் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தை முழுசாக, வாய் திறக்காமல், கடைசிவரை பார்த்தார்.

சபைத் தலைவர் அடுத்த வாரமே பூட்டைத் திறந்துவிட்டார். பழைய கற்களை எடுத்துப் புதிய சுவர்கள் எழுந்தன. பணிமனை வண்டிகள் மணல் சுமந்தன. பழைய மாணவர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து கல் தூக்கினார்கள். வகுப்பறைகளில் பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். பெண்களுக்குத் தனி ஓய்வறை, கழிப்பறை. கட்டட வேலையில் கேட்டுப் பலகை விழுந்த இடத்தில் புல் முளைத்தது. அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

திறப்பு நாளில் தியேட்டர், பணிமனை, ஐஸ் ஃபாக்டரி மூன்றிலிருந்தும் மூன்று ஊர்வலங்கள் கிளம்பிச் சாலையில் ஒன்றாகச் சேர்ந்தன. ஆண்களும் பெண்களும் தாங்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து படித்த இடங்களிலிருந்து ஆளுக்கொரு கரும்பலகை, நாற்காலி, கண்ணாடிக் குடுவை என்று தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பேருந்துகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. மாடிகளில் நின்று ஊர் கைதட்டியது. பியூரெட் முன்னால் நடந்தார், தலை நிமிர்ந்து, விறைப்பாக, கண்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டே.

மண்டபத்தில் முதல் வரிசையில் அக்காவுக்கு இடம். விழா தொடங்குவதற்குமுன் முதல்வர் அவளிடம் குனிந்தார். “அக்கா, உனக்கும் ஒரு இடம் இருக்கு. நீ விட்ட படிப்பைத் தொடரலாம். என்ன படிக்கிற, சொல்லு.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்குப் படிப்பும் வேணாம், பட்டமும் வேணாம். இத்தனை வருஷம் ஆலைச் சங்கு எழுப்பி எழுப்பி எழுந்தவடா நான். எனக்கு நல்லாத் தூங்கணும். என் மகளை ஒழுங்காப் படிக்க வை, அது போதும்.” பிறகு, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மண்டபமே கேட்கிற மாதிரி, “நாற்காலியில சும்மா உக்காரலடா நீ” என்றாள்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் முகம் சிவந்துபோய் மேடையேறினார்.

சபைத் தலைவர் நீளமாகப் பேசினார். கல்லூரி இனி ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியது என்று அவர் அறிவித்தபோது கூரை நிஜமாகவே அதிர்ந்தது. புதுக் கூரை, தாங்கியது. அத்தனை ஆரவாரத்திலும் முதல் வரிசையில் அக்கா, மகளின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதல்வர் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். தன் முறை வந்ததும் எழுந்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார், நாளைக் காலை முதல் மணிக்குக் கணக்கு வகுப்பு உண்டு, யாரும் தாமதமாக வரக்கூடாது என்றார். விழா முடிந்தது.